மூச்சு வாங்காத பாடகி

சங்கீதம் என்றால் எனக்கு உயிர் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். கச்சேரியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தொடையில் தப்புத் தாளம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். ஆனால், ஒரு குரல் நல்ல குரலா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மட்டும் எனக்கு உண்டு என்று வெகு காலம் நம்பி வந்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த நம்பிக்கை பிறக்கும்போதே வந்துவிடுகிறது.

அந்த நம்பிக்கையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டவள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு உடம்பு கிடையாது, தொண்டை கிடையாது, மூச்சும் கிடையாது. வயது பதினாறு, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 42 கிலோ என்று அவளைச் செய்தவர்கள் அட்டையில் போட்டிருந்தார்கள். நமக்கு மார்க்கண்டேயனைத் தெரியும். அவனாவது யமனோடு போராட வேண்டியிருந்தது. இவள் அந்தச் சிரமம் எதுவும் இல்லாமலே என்றும் பதினாறாக இருக்கிறாள். பெயர் ஹட்சுனே மிக்கு. ஹட்சுனே என்றால் முதல் ஒலி. மிக்கு என்பது ஜப்பானிய மொழியில் வருங்காலத்தைக் குறிக்கும் சொல்லின் ஓசை.

2006 முதல் நாலு வருஷம் நான் டோக்கியோவில் இருந்தேன். நாவல் எழுதுவது சோறு போடாது என்பது வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆகவே, அங்கே ஒரு கம்பெனியில், யந்திரங்களோடு கூட வருமே, யாரும் படிக்காத கையேடு, அதை ஆங்கிலத்தில் எழுதும் உத்தியோகம் பார்த்தேன். நிஷி-கசாயில் ஜாகை. எனக்கு அடுத்த மேஜையில் ஓர் இளைஞர். இருபத்துநாலு வயதிருக்கும். காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம், இரண்டுக்கும் நடுவில் மௌனம். ஆபீஸ் விருந்துகளுக்குப் பிறகு எல்லாரும் கரோக்கே பாடப் போவார்கள். மானேஜர் தொண்டை கிழியப் பாடுவார். இவர் மூலையில் உட்கார்ந்து கஞ்சிராவைப் போன்ற ஒரு ஜால்ராவைக் குலுக்கிக்கொண்டிருப்பார். ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்தால் முகம் வெளுத்துவிடும்.

2007-ம் வருஷம் அக்டோபரில் ஒரு நாள், சாப்பாட்டு வேளையில், அவராகவே என் பக்கம் திரும்பினார். கணிப்பொறித் திரையைக் காட்டி, "இதைக் கொஞ்சம் கேட்கிறீர்களா?" என்றார்.

திரையில் ஒரு சின்ன பொம்மைப் பெண். பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் இரட்டைப் பின்னல். கையில் ஒரு வெங்காயத்தாளை வைத்துக்கொண்டு மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் துரித கதியில் ஒரு பாட்டு ஓடியது. பின்லாந்து தேசத்து நாடோடிப் பாட்டாம். ஒட்டோமேனியா என்ற புனைபெயர்க்காரர் மிக்குவைக் கொண்டு பாட வைத்திருந்தார். ஜப்பானியப் பெண், பின்லாந்துப் பாட்டு, வெங்காயத்தாள்! இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"இதில் உயிர் எங்கே இருக்கிறது? தகர டப்பாவுக்குள் வண்டு அடைத்த மாதிரி அல்லவா இருக்கிறது?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாம்" என்று தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்த "ஆமாம்" என்னைக் கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் நானே போய்ச் சமாதானமாக, "அந்தப் பெண் எப்படிப் பாடுகிறாள்?" என்று விசாரித்தேன். அதற்காகவே காத்திருந்தவர்போல் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

விஷயம் இதுதான். யந்திரத்தைப் பாட வைக்கும் ஆசை பழைய ஆசை. 1961-லேயே அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் ஐ.பி.எம். 704 என்ற ராட்சசக் கணிப்பொறி ஒரு பழைய காதல் பாட்டைப் பாடியிருக்கிறது. நாற்பது வருஷம் கழித்து யமஹா கம்பெனியார், பார்சிலோனாவிலுள்ள பொம்பேவு ஃபப்ரா சர்வகலாசாலையோடு சேர்ந்து இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்கள். அதில் விளைந்ததுதான் 'வோக்கலாய்டு'. 2004-ல் லியோன், லோலா என்று இரண்டு ஆங்கிலக் குரல்கள் வந்தன. அதே வருஷம் மெய்க்கோ என்ற ஜப்பானியப் பெண் குரலும், 2006-ல் கைட்டோ என்ற ஆண் குரலும் வந்தன. கைட்டோவைச் சீந்துவாரில்லை. பிறகு, 2007 ஆகஸ்ட் 31-ந் தேதி, வடக்கே சப்போரோ நகரத்திலுள்ள கிரிப்டன் என்ற கம்பெனி மிக்குவை வெளியிட்டது. விலை 15,750 யென். ஃபுஜிதா சாக்கி என்ற நடிகையை உட்கார்த்தி வைத்து, அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாகச் சொல்ல வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அந்த அசைகளை வெட்டி ஒட்டித்தான் மிக்கு பாடுகிறாள்.

ஆனால், தானாகப் பாடமாட்டாள். திரையில் ஓரமாகப் பியானோக் கட்டைகள் நின்றபடி இருக்கும். அவற்றுக்கு நேராக, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு சின்னக் கட்டம் வரைய வேண்டும். கட்டத்தின் நீளம் காலப்பிரமாணம். அது நிற்கும் உயரம் ஸ்தானம். கட்டத்துக்குள் ஓர் அசையை எழுத வேண்டும். இவ்வளவும் செய்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பாள். அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பமாகிறது. எங்கே குரல் தழைய வேண்டும், எங்கே வளைய வேண்டும், எங்கே நடுங்க வேண்டும் என்று ஒவ்வோர் இடத்துக்கும் கோடு இழுக்க வேண்டும். நம் கமகம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் கோடு வரையலாம். மூச்சு வாங்குவதுகூட அவளாகச் செய்யமாட்டாள். பாட்டு அமைக்கிறவர் நினைத்துக்கொண்டு இடம் விட்டால் உண்டு.

"பாடத் தெரியாதவர்களுக்கு இது சௌகரியம்" என்றார் அந்த இளைஞர். கரோக்கே மூலையும் வெளுத்த முகமும் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒன்றும் சொல்லாமல் என் மேஜைக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு மத்தியானந்தோறும் எங்களுக்கு ஒரு சபை கூடியது. மேடை, 'நிக்கோ நிக்கோ டோகா' என்ற தளம். 2006 டிசம்பரில் தொடங்கியது. படம் ஓடும்போதே ரசிகர்கள் எழுதும் வார்த்தைகள் வலமிருந்து இடமாகப் படத்தின் மேலேயே ஓடும். கைதட்ட வேண்டுமானால் '8888' என்று எழுதுவார்கள். எட்டுக்கு அவர்கள் மொழியில் 'ஹாச்சி'. கைதட்டும் ஓசை 'பாச்சி பாச்சி'. நடு ராத்திரியில் அவரவர் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேர் சேர்ந்து தட்டும் கைதட்டல் அது. நம் சபாக்களில் மங்களம் பாடுமுன் நாற்காலி நகர்த்தும் ஓசையைக் கேட்டுப் பழகிய எனக்கு அது புதுமையாக இருந்தது.

முதலில் வந்த பாட்டுக்களெல்லாம் மிக்குவைப் பற்றியே இருந்தன. இக்கா என்பவர் அந்த செப்டம்பரிலேயே போட்ட ஒரு பாட்டில், 'உன்னை மிக்குமயமாக்கி விடுகிறேன்' என்கிற பாவனையில் அவள் ரசிகனோடு விளையாடுவாள். மொழிபெயர்க்க முடியாத சமாசாரம். ஆனால் மறக்கவும் முடியாது. சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவும்போது நான் அதை முணுமுணுத்து, அகப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பரில் ரியோ என்பவர் 'மெல்ட்' என்ற பாட்டைப் போட்டார். அதில் யந்திரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ஒரு சாதாரணப் பெண், காலையில் எழுந்து தலைமுடியைச் சரி செய்துகொள்கிறாள், மழையில் ஒரே குடையின் கீழ் நடக்கிறாள், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தவிக்கிறாள். அவ்வளவுதான். பொம்மை சட்டென்று பாடகி ஆகிவிட்டாள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. யந்திரம் பாடிய பாட்டை மனிதர்கள் பாடிப் போட ஆரம்பித்தார்கள்! ரியோ அந்தப் பாட்டுக்கு வேறொருவர் வரைந்த படத்தைக் கேளாமல் போட்டுவிட்டாராம். பிறகு மன்னிப்புக் கேட்டாராம். வரைந்தவரோ கோபிப்பதற்குப் பதிலாக அவரோடு கூட்டுச் சேர்ந்துவிட்டாராம். சண்டை போடக் காரணம் கிடைத்தும் சிநேகம் செய்துகொண்டார்கள் என்று கேட்டபோது, நம் எழுத்தாளர் உலகம் என் நினைவுக்கு வந்தது. அதை இங்கே விஸ்தரிக்க வேண்டாம்.

அந்த டிசம்பர் கடைசியில் ரின், லென் என்று இரட்டைக் குரல் வந்தது. மோத்தி என்பவர் 2008-ல் அவர்களை வைத்து ஒரு தொடர்கதையே பாடினார். கொடுமைக்கார இளவரசியாக ரின். அவளுக்குப் பணிவிடை செய்பவனாக லென். உண்மையில் இருவரும் இரட்டைப் பிள்ளைகள். ஜனங்கள் கிளர்ந்து எழுந்தபோது அவள் உடையை இவன் உடுத்திக்கொண்டு சாகப் போகிறான். வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதாசிரியருக்குத் தொழில் தெரியும். அதே வருஷம் டொரபொருட்டா என்பவர், தனிமையில் வாழும் விஞ்ஞானி செய்த யந்திரப் பெண்ணுக்கு இதயம் கிடைக்கும் கதையை ரின் குரலில் அமைத்தார். காஸ்மோ என்பவர், மிக்கு கணிப்பொறியிலிருந்து அழிக்கப்படும் நேரத்தில் கடைசியாகப் பேசுவதை, மனித நாக்குத் தொடரமுடியாத வேகத்தில் அமைத்தார். மூச்சு வாங்காதவள் என்பதையே பாட்டாக்கிவிட்ட கெட்டிக்காரர்!

இவர்களெல்லாம் யார்? மாணவர்கள், குமாஸ்தாக்கள், ராத்திரி வேலைக்காரர்கள். சொந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளவில்லை. என் நண்பரும் அவர்களில் ஒருவர். அவருடைய பாட்டுக்கு இருபது பேர், முப்பது பேர் வருவார்கள். திரையில் ஒரே ஒரு '8888' ஓடினால் அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

1981-ல் நான் கல்லூரி மாணவன். சிங்கப்பூரிலிருந்து மாமா ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வானொலியில் பெரிய வித்துவான்களின் கச்சேரி வந்தால், ரேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்துப் பிடித்துவிடுவேன். வீட்டில் யாரும் இருமக்கூடாது, பாத்திரம் விழக்கூடாது. ஒரு சனிக்கிழமை ராத்திரி, கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது, உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. அக்காவின் குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். தாலாட்டு, மைக்கில் விழுந்துவிட்டது. "கொஞ்ச நேரம் சும்மா இருக்கமாட்டாயா, அம்மா? எல்லாம் பாழாய்ப் போயிற்று" என்று கத்தினேன். அம்மா பாட்டை நிறுத்திவிட்டு, தூளியை மட்டும் ஆட்டினாள். அந்தப் பதிவை நான் அழித்து, அதன் மேல் வேறொரு கச்சேரியைப் பிடித்தேன்.

2005-ல் அம்மா போய்விட்டாள். வித்துவான்களின் குரல்கள் என்னிடம் இருபத்தேழு நாடாக்களில் இருக்கின்றன. அம்மாவின் குரல் ஒன்றில்கூட இல்லை.

2008-ம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு மாலை, இதை அந்த இளைஞரிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்த மெட்டை எனக்குப் பாடிக் காட்டுவீர்களா?" என்று கேட்டார். தீர்ப்புச் சொல்லியே பழகிய தொண்டை, பாடிப் பழகவில்லை. எல்லாரும் போன பிறகு, ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, கீச்சுக் குரலில் பாடினேன். அவர் ஒரு சின்னக் கருவியில் பதிந்துகொண்டார்.

ஒரு வாரம் கழித்துக் காட்டினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மிக்குவுக்கு ஜப்பானிய அசைகள்தாம் தெரியும். 'ழ' கிடையாது, 'ள' கிடையாது, 'ல'வும் 'ர'வும் அவளுக்கு ஒன்றே. மெய்யெழுத்தில் சொல் முடிந்தால், அவர்கள் வழக்கப்படி ஓர் உயிரைக் கொண்டுவந்து ஒட்டுவாள். அம்மாவின் தாலாட்டில் வந்த மழை 'மரை' ஆயிற்று. வாழை 'வாரை' ஆயிற்று. தொட்டில் 'தொத்திரு' ஆயிற்று. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால், 'ஆராரோ' வந்ததே, அது மட்டும் அச்சாக வந்தது. ஆகாரமும் ஓகாரமும் ரகரமும் எல்லாத் தேசத்துக்கும் பொது போலிருக்கிறது.

"உங்கள் அம்மா எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். முதல் 'ஆராரோ' முடிந்ததும் அம்மா நிறுத்துவாள். மூச்சு வாங்குவதற்காக அல்ல. குழந்தை தூங்கிவிட்டதா என்று தூளியை விலக்கிப் பார்ப்பதற்காக. தூங்கவில்லை என்றால் அடுத்த 'ஆராரோ' ஆரம்பமாகும், முன்னதைவிடத் தணிந்த குரலில்.

அவர் குறித்துக்கொண்டார். இன்னொரு வாரம், ஒவ்வொரு ராத்திரியும் கோடு கோடாக இழுத்திருக்கிறார். ஒரு தட்டில் பதிந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். அது அம்மாவின் குரல் அல்ல. அதே பதினாறு வயதுப் பெண்ணின் குரல்தான். கொஞ்சம் தகரம், கொஞ்சம் கண்ணாடி. முதல் 'ஆராரோ' முடிந்தது. குரல் நின்றது. அந்த நிசப்தத்தில் நான் தூளியின் கயிறு கிரீச்சிடுவதைக் கேட்டேன். தட்டில் அது இல்லை, எனக்குத் தெரியும். பிறகு தணிந்த குரலில் அடுத்த 'ஆராரோ' வந்தது. அதற்குமேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

'இதில் உயிர் எங்கே இருக்கிறது?' என்று நான் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது. உயிர் அந்தப் பெண்ணிடம் இல்லைதான். இரண்டு வாரம் தூங்காமல் கோடு இழுத்த பிள்ளையிடம் இருந்தது.

2010 மார்ச் 9-ந் தேதி டோக்கியோவில் மிக்குவின் கச்சேரி நடந்தது. மூன்று, ஒன்பது என்பதை அவர்கள் 'மி-கு' என்று படிப்பார்கள். ஆகவே அது அவள் நாள். கண்ணாடிபோன்ற திரையில் ஒளியுருவாக வந்து பாடினாள். பக்க வாத்தியக்காரர்கள் எல்லாரும் ரத்தமும் சதையுமான மனிதர்கள். என் நண்பர் போய்வந்து, தொண்டை கட்டிப்போய்ப் பேசினார். "கத்தினீர்களா?" என்றேன். வெட்கத்தோடு, "ஆமாம்" என்றார். அந்த வருஷமே நான் ஊர் திரும்பிவிட்டேன்.

அந்தக் காலத்துப் புனைபெயர்க்காரர்களில் சிலர் பிறகு பெரிய பெயர் எடுத்தார்கள். ஹாச்சி என்ற பெயரில் மிக்குவைப் பாட வைத்தவர்தான் பின்னாளில் யோனேசு கென்ஷி என்று சொந்தக் குரலில் பாடி ஜப்பானையே மயக்கியவர். வோவாக்கா என்று ஒருவர். 2010-ல் 'ரோலிங் கேர்ள்' என்ற பாட்டைப் போட்டவர். விழுந்து விழுந்து எழுந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய, வேகமான பாட்டு. என் நண்பருக்கு அவரென்றால் பக்தி. 2019 ஏப்ரலில் வோவாக்கா தம் முப்பத்தோராம் வயதில் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. அன்று 'ரோலிங் கேர்ள்' பாட்டைப் போட்டுக் கேட்டேன். பழைய இசைத்தட்டுக்களில் பாடினவர் போயிருப்பார், குரல் மிஞ்சியிருக்கும். இங்கே பாடுகிறவள் அதே பதினாறில் நிற்கிறாள். பாட வைத்தவர் போய்விட்டார். ஆனால், அவர் எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாரோ, அங்கே அவள் இன்னும் நிறுத்துகிறாள்.

இப்போது யந்திரக் குரல்கள் வெகுவாகத் தேறிவிட்டன. 2022-ல் வந்த புதிய வோக்கலாய்டில் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துவிட்டார்கள். மனிதக் குரல் என்றே நம்பலாம். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆயினும் என் மனம் அந்த 2007, 2008-ம் வருஷத்துத் தகரக் குரலுக்கே ஓடுகிறது. அதில் இழுத்த ஒவ்வொரு கோட்டிலும் யாரோ ஒரு பிள்ளையின் ராத்திரி இருக்கிறது.

போன புத்தாண்டுக்கு நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். 'ராத்திரியில் அவளைத் தூங்க வைப்பது என் வேலை. உங்கள் அம்மாவின் பாட்டைத்தான் பாடுகிறேன். யந்திரத்தை வைத்தல்ல, நானே பாடுகிறேன்' என்று எழுதியிருந்தார். கீழே ஒரு குறிப்பும் இருந்தது: 'ஒரே ஒரு சந்தேகம். மரை என்றால் என்ன அர்த்தம்?'

மழை என்று பதில் எழுதினேன். உச்சரிப்பைத் திருத்தவில்லை. குழந்தை தூங்குகிறதல்லவா?